பதிவேட்டில் ஏறாத பதக்கங்கள்: முன்னாள் படைவீரரின் பணி ஆவணத்தைத் திருத்துவது எப்படி?

சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரம் போன்ற ஊர்களில் வெடிமருந்துக்கும் அச்சகத்துக்கும் வெளியே ஒரு தலித் இளைஞனுக்குத் திறந்திருந்த சில வழிகளில் ராணுவமும் ஒன்று. பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, நாற்பதுக்கு முன்பே ஊர் திரும்புகிறவர் கையில் ஒரு சிறிய புத்தகம் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம் என்று அதைச் சொல்கிறோம். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, நடத்தை, பெற்ற பதக்கங்கள் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். பதக்கங்களுக்கான இடம் பாதி நிரம்பியோ வெறுமையாகவோ இருந்தால், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்களிலும் பெரும்பாலோர் 'இதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது' என்று விட்டுவிடுகிறார்கள்.

கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். ஆனால் எதைக் கேட்கிறோம் என்ற தெளிவு முதலில் தேவை. விடுபட்ட பதக்கம் என்பதில் மூன்று வேறு சிக்கல்கள் அடங்கியுள்ளன. பதக்கத்துக்கான தகுதி இருந்தும் அது ஆவணத்தில் ஏறாமல் போவது ஒன்று. ஆவணத்தில் ஏறியும் பதக்கம் கைக்கு வந்து சேராதது இன்னொன்று. வீரச்செயல் புரிந்தும் மேலதிகாரி பரிந்துரையே செய்யாமல் விட்டது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் அலுவலக வழி உண்டு. மூன்றாவதுக்கு நம் நாட்டில் வழி ஏறக்குறைய அடைபட்டே கிடக்கிறது.

முதல் வகையைக் கண்டுபிடிப்பது எளிது. பல பதக்கங்கள் தனிமனித வீரத்துக்காக அன்றி, குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியில் இருந்ததற்காகவே வழங்கப்படுபவை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவருக்கு விடுதலையின் 25ஆம் ஆண்டுப் பதக்கம் உண்டு. 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவருக்கு 50ஆம் ஆண்டுப் பதக்கம். 1971 போர்க்காலத்தவர்களுக்கு சங்கிராம் பதக்கமும், நின்ற முனையைப் பொறுத்து பூர்வி ஸ்டார் அல்லது பஸ்சிமி ஸ்டாரும் உரியவை. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை சென்றவர்களுக்கு இலங்கைப் பட்டையுடன் கூடிய விதேஷ் சேவா பதக்கம். ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு நீள்பணிப் பதக்கங்கள் தனி. பணிக்கால நாட்களை இவற்றோடு பொருத்திப் பார்த்தாலே விடுபட்டது எதுவென்று தெரிந்துவிடும்.

ஏன் விடுபடுகின்றன? படைவீரர் ஒருவரின் பணிவாழ்வில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் 'பார்ட் டூ ஆர்டர்' எனும் ஆணையாக அவரது பிரிவால் வெளியிடப்பட்டு, ரெஜிமென்டின் பதிவலுவலகத்துக்குச் சென்று, அங்குள்ள 'ஷீட் ரோல்' எனும் தனியாவணத்தில் ஏற வேண்டும். வீரர் வேறு பிரிவோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டிருந்தாலோ, பதக்கத்துக்கான அறிவிப்பு வருமுன் ஓய்வுபெற்றுவிட்டாலோ இந்தச் சங்கிலி அறுந்துபோகும். பெயர்க் குழப்பம் தமிழர்களுக்கே உரிய சிக்கல். தலைப்பெழுத்தும் ஒற்றைப் பெயரும் கொண்ட நம் வழக்கம் வடநாட்டுப் படிவங்களில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: 1985க்கு முன் படையில் சேர்ந்தவரின் ஆவணத்தில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருக்கும், அதன்பின் சில ஆண்டுகள் காமராஜர் மாவட்டம், இப்போது விருதுநகர். மூன்றும் ஒரே முகவரிதான் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

விண்ணப்பம் செல்ல வேண்டிய இடம் அந்தந்த ரெஜிமென்டின் பதிவலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியின் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரு. மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் அதற்கு ஒரு கோப்பு எண் கிடைக்கும். படை எண், பதவி, பணியாற்றிய பிரிவுகள், நாட்கள், கோரும் பதக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலை இணைக்க வேண்டும். 'என் பதக்கங்களைத் தாருங்கள்' என்று பொதுவாக எழுதும் மனுவுக்குப் பொதுவான பதிலே வரும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தன் ஷீட் ரோலின் நகலையும் தன் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களையும் கேட்கலாம். முப்பது நாட்களில் பதிலளிக்க வேண்டும். இல்லையேல் அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. ராணுவம் இச்சட்டத்திலிருந்து விலக்கு பெற்ற அமைப்பன்று. எல்லைப் பாதுகாப்புப் படையும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் அஸ்ஸாம் ரைஃபிள்ஸும் விலக்குப் பட்டியலில் உள்ளன. அங்கு ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவல்களை மட்டுமே கேட்க முடியும். ஊரில் எல்லோரையும் 'மிலிட்டரிக்காரர்' என்றே அழைப்பதால் இந்த வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது.

காலதாமதம் இங்கே உண்மையான ஆபத்து. ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் ஷீட் ரோல் 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படலாம் என்பது ராணுவ விதி. அதன்பின் எஞ்சுவது 'லாங் ரோல்' எனும் சுருக்கப் பதிவேடு மட்டுமே. குறுகிய காலம் பணியாற்றி விலகியவர்கள் முதலில் விண்ணப்பிக்க வேண்டியவர்கள்.

பதிவலுவலகம் மறுத்தால் அடுத்த படி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறுப்பு ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். மனுவுக்கு ஆறு மாதம் வரை பதிலே இல்லையெனில், அதன்பின் ஆறு மாதம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. வழக்குச் செலவை நினைத்துத் தயங்குவோர் அறிய வேண்டியது: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு இன்றியே இலவசச் சட்ட உதவியை உரிமையாக்குகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு உலோகத் துண்டுக்காகவா என்று கேட்போர் உண்டு. வீரப் பதக்கமாயின் கணக்கு நேரடியானது. 2017 ஆகஸ்ட் முதல் வீரத்துக்கான சேனா பதக்கம் பெற்றவருக்கு மாதம் 2,000 ரூபாயும், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாயும் உதவித்தொகை. பதக்கம் ஓய்வூதிய ஆணையில் ஏறாவிட்டால் தொகையும் இல்லை. தாமதமாகக் கேட்டால், ஓய்வூதிய வழக்குகளில் உச்சநீதிமன்றம் 2008இல் தர்செம் சிங் வழக்கில் வகுத்த நெறிப்படி, வழக்குக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவைக்கு மேல் கிடைப்பது கடினம். போர்ப்பணிப் பதக்கங்களுக்குப் பணமில்லை. ஆனால் காயமோ நோயோ பணியால் வந்தது என்று வாதிட நேரும்போது, அந்த முனையில் அவர் இருந்தார் என்பதற்கு அவை துணைச்சான்று.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில், குதிரை ஏறியதற்காக ஒரு தலித் ராணுவ வீரரின் திருமண ஊர்வலத்தின் மீது கற்கள் வீசப்பட்டன. 2022இல் தலித் ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. சீருடை சாதியை அழித்துவிடுவதில்லை. எனினும், அரசின் முத்திரையோடு மார்பில் நிற்கும் ஒன்றை ஊரால் எளிதில் மறுக்க முடியாது.

இப்பதிவழிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேய ராணுவத்தில் தலைமுறைகளாகப் பணியாற்றிய மகர்களின் சேர்க்கை 1892இல் நிறுத்தப்பட்டது. கோபால் பாபா வலங்கர் 1894இலும், சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே 1910இலும் முன்வைத்த மனுக்கள் அடிப்படையில் பணி ஆவணத்தை முன்வைத்த வாதங்களே: நாங்கள் போரிட்டோம், உங்கள் ஏடுகளைப் பாருங்கள். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் படைவீரர்களுக்கு வெள்ளியிலும், இந்தியா, சீனா, மால்டாவிலிருந்து சென்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. 1943இல் அமைக்கப்பட்ட சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது.

பரிந்துரையே செய்யப்படாத மூன்றாம் வகைக்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. 1918 மே மாத இரவொன்றில் பிரான்சில் ஜெர்மானியத் தாக்குதலைத் தடுத்து நின்று 21 காயங்கள் பட்ட கறுப்பின வீரர் ஹென்றி ஜான்சனின் விடுவிப்பு ஆவணத்தில் அக்காயங்கள் குறிக்கப்படவில்லை. அவர் 1929இல் இறந்தார். காயமுற்றோருக்கான பதக்கம் 1996இல்தான் வந்தது. நாட்டின் உயரிய வீரப் பதக்கம் 2015இல். இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட அவ்வுயரிய பதக்கம் தரப்படாதது ஏன் என்று அந்நாட்டு ராணுவமே 1990களில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்டு ஆராய்ந்தது. 1997இல் ஏழு பேருக்கு அது வழங்கப்பட்டது. அவர்களில் உயிரோடிருந்தவர் ஒருவரே.

நம் ராணுவத்தில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆனால் ஆள்சேர்ப்பில் சாதிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. 2022இல் அக்னிவீர் சேர்க்கையின்போது சர்ச்சை எழுந்தபோது, இது பழைய நடைமுறைதான் என்றே விளக்கம் தரப்பட்டது. சேரும்போது கேட்கப்படும் சாதி, பதக்கப் பரிந்துரைகளை ஆராயும் நோக்கில் ஏன் ஒருபோதும் பயன்படக் கூடாது என்ற கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்ப நம் உறுப்பினர்களுக்குத் தடையேதுமில்லை. அதுவரை மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தம் ஊரின் முன்னாள் படைவீரர்களிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கி, மேலே சொன்ன நாட்களோடு ஒப்பிட்டு விண்ணப்பம் எழுதித் தரலாம். வீரர் இறந்திருந்தால் அவர் மனைவியோ அடுத்த வாரிசோ விண்ணப்பிக்கலாம். அப்போது வாரிசுச் சான்றின் நகலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.