விமானத்தை விட்டு இறங்கியதுமே மூச்சு வாங்கும் நகரம்... பொலிவியாவின் லா பாஸ் போறவங்க முதல் 2 நாள் என்ன செய்யணும்?

விமானம் தரையிறங்கிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு இருபது அடி நடக்கிறீர்கள். நாலு மாடி ஏறி வந்த மாதிரி மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. 'நமக்கு என்ன ஆச்சு?' என்று மிரள வேண்டாம். தென் அமெரிக்க நாடான பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்குப் போகும் பலருக்கும் முதல் அனுபவமே இதுதான்.

ஆனால், உண்மையிலேயே மிரள வேண்டிய சில அறிகுறிகளும் இருக்கு. எது சாதாரணம், எது ஆபத்து? அங்கேயே குடியிருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பார்க்கலாம்.

அப்படி எவ்வளவு உயரம்?

பொலிவியாவின் அரசியல் சாசனப்படி தலைநகரம் சுக்ரே. ஆனால் அரசும் நாடாளுமன்றமும் இயங்குவது லா பாஸில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,640 மீட்டர் உயரம். நம்ம ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான். ஊட்டிக்கு மேல் இன்னும் 1,400 மீட்டர் ஏறினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விமான நிலையம் அதைவிட மேலே, பக்கத்து நகரமான எல் ஆல்டோவில், 4,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது.

மூச்சு வாங்குவது ஏன்?

'மலை உச்சியில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு' என்று பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லா பாஸில் காற்றழுத்தம் கடலோர ஊரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதை ஈடுகட்ட நுரையீரலும் இதயமும் வேகமாக வேலை செய்கின்றன.

இதனால் வரும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மையை ஆண்டிஸ் மலைப் பகுதி மக்கள் 'சொரோச்சே' என்கிறார்கள். இறங்கிய உடனே இது வராது. பெரும்பாலும் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்று முதல் நாளே ஊர் சுற்றக் கிளம்புபவர்கள் ராத்திரி சுருண்டு படுப்பது இதனால்தான்.

கால்பந்து வரை போன பஞ்சாயத்து

இந்த உயரத்தால் சர்வதேச அளவில் சர்ச்சையே வந்திருக்கு. வீரர்களின் உடல்நலத்தைக் காரணம் காட்டி, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் போட்டிகள் கூடாது என 2007-ல் ஃபிஃபா தடை போட்டது. பொலிவியா கடுமையாக எதிர்த்தது. 2008-ல் தடை விலகியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், மரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அணி லா பாஸில் 6-1 என்ற கணக்கில் தோற்றது.

முதல் 2 நாள் என்ன செய்யணும்?

* முடிந்தால் நேராக லா பாஸில் இறங்காதீர்கள். சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள சாந்தா குரூஸில் இறங்கி, 2,800 மீட்டர் அளவில் உள்ள சுக்ரேவில் சில நாள் தங்கிவிட்டு மேலே போவது உடம்புக்கு நல்லது.
* லா பாஸ் போனதும் ஓய்வுதான் முதல் வேலை. மெதுவாக நடங்க. மலையேற்றம், சைக்கிள் பயணம் எல்லாம் அப்புறம்.
* தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். மது, தூக்க மாத்திரை கூடாது.
* வெயில் குளிராகத்தான் தெரியும். ஆனால் புற ஊதாக் கதிர் அதிகம், தோல் கருகிவிடும். சன்ஸ்கிரீன், தொப்பி அவசியம்.
* அசிட்டசோலமைடு என்ற தடுப்பு மாத்திரை உண்டு. டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.
* இதயம், நுரையீரல் பிரச்சினை, கடுமையான ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

எப்போது ஆபத்து?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு முட்டுவது, விடாத இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, குழப்பம்... இவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். உயிரையே பறிக்கும். 'காலைல சரியாயிடும்' என்று படுக்கக் கூடாது. உடனே ஆக்சிஜன், மருத்துவமனை, கூடிய சீக்கிரம் கீழே இறங்குவது... இதுதான் சிகிச்சை.

உயுனி உப்புப் பாலைவனம் போகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 10,000 சதுர கி.மீ.க்கும் மேல் பரந்த அந்த வெள்ளை நிலம், மழைக்காலத்தில் வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாகிவிடும். ஆனால் அங்கிருந்து தொடரும் பல நாள் ஜீப் பயணம் 4,800 மீட்டருக்கு மேலும் ஏறும். வழியில் பெரிய மருத்துவமனை கிடையாது. உடம்பு பழகிய பிறகு போவதுதான் புத்திசாலித்தனம்.

கோக்கா டீ குடிக்கலாமா?

லா பாஸ் ஓட்டல்களில் கோக்கா இலை டீ தருவார்கள். (சாக்லேட்டுக்கான கோகோ வேற, இது வேற.) பொலிவியாவில் இது சட்டப்படி சரி. 2009 அரசியல் சாசனமே கோக்காவைப் பண்பாட்டுச் சொத்து என்கிறது. ஆனால் உயர நோயை இது தடுக்கும் என்பதற்கு வலுவான மருத்துவ ஆதாரம் இல்லை. குடித்த பிறகு போதைப்பொருள் பரிசோதனை செய்தால் 'பாசிட்டிவ்' வரலாம். நினைவுப் பொருளாக டீ பாக்கெட்டை வாங்கி வந்தால் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும். அங்கேயே குடிச்சுட்டு, கையை வீசிட்டு வாங்க.

இன்னொரு விஷயம், மஞ்சள் காய்ச்சல். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடப்படுகிறது.

அங்கேயே குடியேறினால்?

பழகிய பிறகு வேற வாழ்க்கை. தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் உருளைக்கிழங்கும் வேக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாமல் சமையல் கஷ்டம்தான்.

ஊருக்குள் போக்குவரத்து தலைக்கு மேலே! 2014-ல் தொடங்கிய 'மி டெலிஃபெரிகோ' கேபிள் கார், மேலே இருக்கும் எல் ஆல்டோவையும் கீழே இருக்கும் லா பாஸையும் இணைக்கிறது. இங்கே உயரம் குறைந்தால் வசதி கூடும். பணக்காரர்கள் வசிக்கும் தெற்குப் பகுதி சில நூறு மீட்டர் கீழே இருக்கிறது. உழைக்கும் மக்கள் அதிகம் வாழ்வது மேலே எல் ஆல்டோவில்.

சந்தையில் காய் வாங்கினால் 'யாப்பா' கேட்கலாம். நம்ம ஊர் கொசுறுதான் அது! கொஞ்சம் ஸ்பானிஷ் பேசத் தெரிந்தால் தாராளமாகவே விழும். அதேநேரம், போராட்டம் வந்தால் நெடுஞ்சாலைகளை மறித்துவிடுவார்கள். பஸ் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஓரிரு நாள் கையில் இருக்கட்டும்.

மொத்தத்தில், பொலிவியாவில் அவசரப்படுபவர்களுக்குத்தான் சிக்கல். முதல் 2 நாளை உடம்புக்குக் கொடுத்துவிடுங்கள். மிச்ச நாட்களை நிம்மதியாக ஊர் சுற்றலாம்.