சூடேறும் இணைப்பு

ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து, குருவிகுளம், கழுகுமலை, கயத்தாறு என்று விரிந்து கிடக்கும் கரிசல் வெளியில் வைகாசி முதல் புரட்டாசி வரையில் ஓயாது வீசுகின்ற தென்மேற்குக் காற்று, புழுதி வாரி இறைப்பதன்றி வேறு பிரயோஜனமற்றதென்று கருதப்பட்ட காலம் போய், இன்று காற்றாலைகளின் இறக்கைகளைச் சுழற்றி மின்சாரமாகிக் கம்பி வழியே துணை மின்நிலையங்களைச் சென்றடைகிறது. அவ்வழியில் எத்தனையோ இணைப்புகள் உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் நட்டு சற்றே தளர்ந்தாலும், தொடுமிடத்தில் ஆக்சைடு படிந்தாலும், மின்தடை மிகுந்து உஷ்ணம் பிறக்கும். அந்த உஷ்ணமே இணைப்பை மேலும் கெடுத்து, கடைசியில் கம்பி அறுந்த பிறகுதான் சங்கதி வெளிப்படும். மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டுப் பார்த்துச் சூடு அறிய யாரால் முடியும்? தொடாமலே அதை அறியும் கருவிதான் வெப்பக் காமிரா.

யுரேனஸ் கிரகத்தைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், 1800ஆம் ஆண்டில், முப்பட்டைக் கண்ணாடி பிரித்துக் காட்டிய சூரிய வர்ணங்களில் சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவும் புலப்படாத இடத்தில் வைத்த உஷ்ணமானி ஏறக் கண்டார். அந்த அகச்சிவப்புக் கிரணங்களைச் சூரியன் மட்டுமன்றி எல்லாப் பொருள்களுமே வீசுகின்றன. 80 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேறிய, கம்பிகளை இணைத்துப் பிடிக்கும் கிளாம்பு மிகுதியாக வீசுவது 8 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய கிரணங்களை; 8 முதல் 14 மைக்ரான் வரை உள்ளவற்றுக்குக் காற்று வழிவிடும், சாதாரணக் கண்ணாடி விடாது. ஆகவேதான் வெப்பக் காமிராவுக்கு ஜெர்மானியத்தால் வில்லை செய்கிறார்கள். அதன் பின்னே, சூடு பட்டால் மின்தடை மாறும் வனேடியம் ஆக்சைடு போன்ற பொருள் பூசிய நுண்ணிய சில்லுகள் வரிசை வரிசையாக அமைந்து, அம்மாறுதல்கள் வர்ணச் சித்திரமாகத் திரையில் தோன்றுகின்றன.

அந்த வர்ணங்களைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. காமிரா அறிவது வந்து சேரும் கிரணத்தைத்தான். உஷ்ணம் என்பது அதிலிருந்து செய்யும் அநுமானம். பளபளக்கும் புது அலுமினியமோ, அதே சூட்டிலுள்ள கரும்பரப்பு வீசுவதில் சுமார் பத்தில் ஒரு பங்கே வீசி, மேலே குளிர்ந்த வானத்தையும் பிரதிபலிப்பதால், கொதிக்கும் கிளாம்பும் குளிர்ந்ததாகவே தோன்றும். அநுபவசாலிகள் டிகிரிக் கணக்கை அதிகம் நம்பாமல், ஒரே உலோகத்தாலாகி ஒரே லோடைச் சுமக்கும் மூன்று பேஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது மற்ற இரண்டினின்று மாறுபடுகிறது என்றே தேடுகிறார்கள்.

சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பப் பிறப்பது; பாதி லோடில் கால் பங்கே பிறக்கும். ஆகையால் காற்றாலைகள் சும்மா நிற்கும் மாதத்தில் நடத்தும் பரிசோதனை வெறும் சடங்கு என்பதே என் அபிப்பிராயம். ஆடியில் நடத்தலாமென்றால், எந்தக் காற்று இணைப்பைச் சுட வைக்கிறதோ அதுவே அச்சூட்டை ஆற்றி மறைத்தும் விடுகிறது! வெயிலின் சூடு தணிந்து, தரைக்காற்று அடங்கி, காற்றாலைகளின் உயரத்தில் மட்டும் காற்று ஓயாதிருக்கும் இரவு வேளைகள் உண்டு. காமிராவோடு புறப்பட அதுவே உசிதமான நேரம். அப்போதும் பேஸ்களுக்கிடையே தென்படும் சிறு வித்தியாசத்தைக்கூட அலட்சியம் செய்யாமல் குறித்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தி லைன் கிளியர் வாங்கி, அந்த இணைப்பின் நட்டை இறுக்கிவிட வேண்டும்.