இரண்டு தடவை விடியும் விமானப் பயணம்!

லண்டன் எங்கே, சிட்னி எங்கே!

இங்கிலாந்தின் தலைநகர் லண்டன். ஆஸ்திரேலியாவின் பெரிய நகரம் சிட்னி. இரண்டுக்கும் இடையே சுமார் 17 ஆயிரம் கிலோ மீட்டர் தூரம்!

தூரம் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால், பயண நேரம் எப்படிக் குறைந்திருக்கிறது, பாருங்கள்.

அண்ணனும் தம்பியும்

1919-ம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு போட்டி வைத்தது. இங்கிலாந்தில் இருந்து 30 நாளுக்குள் விமானத்தில் ஆஸ்திரேலியா வந்து சேர வேண்டும். பரிசு 10 ஆயிரம் பவுன்!

கீத் ஸ்மித், ராஸ் ஸ்மித் என்ற அண்ணனும் தம்பியும் துணிந்து கிளம்பினார்கள். அவர்களுடன் இரண்டு மெக்கானிக்குகள். விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. குளிர் காற்று முகத்தில் அடித்தது.

டெல்லி, அலகாபாத், கல்கத்தா என்று ஊர் ஊராக இறங்கிச் சென்றார்கள். நவம்பர் 12-ந் தேதி புறப்பட்டவர்கள், டிசம்பர் 10-ந் தேதி ஆஸ்திரேலியாவின் வட கோடியில் உள்ள டார்வினில் இறங்கினார்கள். பரிசைத் தட்டிச் சென்றார்கள்!

1935-ம் ஆண்டில் பயணிகள் விமானம் வந்தது. அது சிங்கப்பூர் வழியாகச் சென்றது.

யுத்தம் மறித்தது

1942-ம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. பாதை அடைபட்டது.

என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரில் இருந்து நேராக இலங்கைக்குப் பறப்பது என்று முடிவு செய்தார்கள். நடுவில் இறங்க இடமே இல்லை. எல்லாம் கடல்!

1943-ம் ஆண்டு இந்தப் பயணம் தொடங்கியது. தண்ணீரில் இறங்கும் 'கேட்டலினா' விமானம் அது. இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரியில் வந்து இறங்கும்.

வேகம் மணிக்கு சுமார் 200 கிலோ மீட்டர்தான். பெட்ரோல் பாரம் அதிகம். ஆகவே மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் ரேடியோவில் பேசக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள்!

பயணம் 28 மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பது உண்டு. ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டார்கள். அதற்காகப் பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்!

1945 வரை 271 தடவை இந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூடக் கடலில் விழவில்லை!

19 மணி நேரம்

யுத்தம் முடிந்தது. 1947-ம் ஆண்டு டிசம்பரில் சிட்னி–லண்டன் விமானம் புறப்பட்டது. வழியில் பல ஊர்களில் நின்று நின்று, 4 நாளில் போய்ச் சேர்ந்தது.

2018-ம் ஆண்டில் பெர்த்தில் இருந்து லண்டனுக்கு நிற்காமல் செல்லும் விமானம் வந்தது. நேரம் சுமார் 17 மணி.

2019 நவம்பரில் ஒரு சோதனை நடந்தது. சுமார் 50 பேருடன் லண்டனில் காலை 6 மணி அளவில் கிளம்பிய விமானம், எங்கும் நிற்காமல் சிட்னிக்குப் பறந்தது. மறுநாள் பகல் 12½ மணிக்கு இறங்கியது.

கணக்குப் பார்த்தால் 30 மணிக்கு மேல் வருகிறதே என்கிறீர்களா? அப்போது சிட்னி கடிகாரம் லண்டனைவிட 11 மணி முந்தி ஓடியது. அதைக் கழித்தால், பறந்த நேரம் 19 மணி 19 நிமிடம்தான்!

அவர்களும் வழியில் இரண்டு தடவை சூரியோதயம் பார்த்தார்கள். முன்பு கேட்டலினாவில் சென்றவர்கள் கண்ட அதே காட்சி! ஆனால், இவர்கள் பயம் இல்லாமல் பார்த்தார்கள்.