வற்றும் கிணற்றின் வாரிசுகள்

எண்ணெயையும் நிலக்கரியையும் உலகம் துறக்க வேண்டுமென்று சர்வதேச மாநாடுகளில் உபதேசம் செய்வோர், அவற்றை விற்று ஜீவிக்கும் தேசங்கள் அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நார்வேயின் நிலை வேறு, கிழக்குத் திமோரின் நிலை வேறு.

1999-ல் இந்தோனேசியப் படையும் அதன் துணைக் கும்பல்களும் வெளியேறும்போது பெரும்பகுதி எரித்து நாசமாக்கப்பட்டு, 2002-ல் சுதந்திரம் பெற்ற அந்தச் சிறு தேசத்துக்குக் காப்பியைத் தவிர்த்து ஏற்றுமதிக்கென்று இருந்தது, திமோர்க் கடலடியில் பாயு-உந்தான் வயலில் கிடைத்த எண்ணெயும் எரிவாயுவுமே. அந்தச் செல்வத்தைச் சூறையாடவிடாமல், நார்வேயின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு 2005-ல் ஒரு பெட்ரோலிய நிதியை ஸ்தாபித்து, எண்ணெய்ச் செல்வத்தின் மதிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் எடுப்பதானால் அதற்குரிய காரணத்தைப் பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டுமென்று விதித்ததை, விவேகம் என்றே சொல்ல வேண்டும்.

விதியை அனுஷ்டிப்பதுதான் அரிதாயிற்று. எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரமும் பெரிய வணிகக் கப்பல் கூட்டமும் உடையதாயிருந்த நார்வேயால், வந்த பணத்தில் பெரும்பகுதியைச் சேமிக்க முடிந்தது. இன்று தன் ஜனங்களுக்கு மின்சாரக் கார்களை ஓட்டக் கொடுத்துவிட்டு, எண்ணெயைப் பிறருக்கு விற்கிறது! (இதைப் பாராட்டுவோர் அந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.) சாலையும் மின்கம்பமும் பள்ளிக்கூடமும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்த திமோரோ, பல ஆண்டுகள் வரம்பை மீறி எடுத்துச் செலவிட்டது.

இப்போது பாயு-உந்தான் வற்றிவிட்டது. மிஞ்சியிருப்பது அதே கடலிலுள்ள கிரேட்டர் சன்ரைஸ் வயல். 2018-ல் ஆஸ்திரேலியாவுடன் செய்த எல்லை ஒப்பந்தப்படி, வாயு அந்நாட்டின் டார்வின் நகருக்குப் போனால் திமோருக்கு 80 சதவீத வருமானம். தன் கரைக்கே வந்தால் 70 சதவீதம். வருமானம் குறைந்தாலும் தன் தென்கரையில் தொழிலும் வேலையும் பிறக்கட்டுமென்று, குழாயைத் தன் பக்கம் கேட்டு நிற்கிறது அந்தச் சர்க்கார். அதே சர்க்கார்தான் 2023-ல், நிலத்தடி எரிபொருள்களைப் படிப்படியாக நிறுத்த ஓர் உலக ஒப்பந்தம் வேண்டுமென்று கேட்கும் தேசங்களின் அணியிலும் சேர்ந்தது.

இதைக் கபட நாடகம் என்று எள்ளுவோர், சன்ரைஸைக் கடலடியிலேயே விட்டுவைத்தால் அதற்கு ஈடாகத் திமோருக்கு எவர், எவ்வளவு கொடுக்கப்போகிறார்கள் என்பதை முதலில் சொல்லட்டும்.