வீட்டில் ஆளில்லாத வேளையில்

கண்ணுக்கு இனிய மலைகள் தொலைக்காட்சிக்கு இனியவை அல்ல. கண்டி மாநகரமோ ஹந்தானையும் பைரவகந்தையும் உடவத்தகலேக் காடும் சூழ்ந்த ஒரு கிண்ணம். 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், இக்கிண்ணத்தின் ஒரு சரிவில் தெளிவாகத் தெரிந்த படம் எதிர்ச் சரிவில் வெறும் பனிமூட்டமாயிற்று. ஒருவர் கூரைமேல் ஏறி அந்தெனாவைத் திருப்புவதும், கீழேயிருந்து மற்றவர் "சரி, சரி, அப்படியே விடு" என்று கூவுவதும் நம் வீடுகளின் அந்திப் பூசை போலாகிவிட்டன.

அக்காலத்தில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வாய்த்த நேரம் சிறிது. மூன்று மொழிகளும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொண்டன. வேலைக்கோ, வைத்தியசாலைக்கோ, இழவு வீட்டுக்கோ சென்றவர் தவறவிட்ட நாடகம் தவறியதே. எனவேதான் எம்மில்லத்திற்கு வீடியோ 'டெக்' வந்தபோது, என் தந்தையார் அதனை வாடகைப் படம் பார்க்கும் பெட்டியாகக் கருதவில்லை. ஆளில்லாத வீட்டை நாய் காப்பது போல நிகழ்ச்சியைக் காக்கவந்த கருவி என்றே கருதினார்.

அதன் இயல்பைச் சற்றே விளக்குதல் வேண்டும். டெக்கினுள் அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் உறுப்பு ஒன்றே. ஆதலின் ஒரே வேளையில் இரண்டு அலைவரிசைகளைப் பதிய இயலாது. ஆனால் ஆறு மணிக்கு ஒன்றையும் எட்டு மணிக்கு வேறொன்றையும் பதியுமாறு முன்கூட்டியே பணித்துச் செல்லலாம். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அலைவரிசை எண் ஆகியவற்றைக் குறித்து, கருவியைக் காத்திருக்கும் நிலையில் விட்டுவிட வேண்டும். சாதாரணக் கசெற் ஒன்றில் மூன்று மணி நேரம் அடங்கும். இவையனைத்தும் சரியாக அமைந்தாலும் கண்டியில் ஓர் இடர் மிஞ்சியது. அலைவரிசையை மாற்றத் தெரிந்த கருவிக்கு அந்தெனாவைத் திருப்பத் தெரியாதே! என் தந்தையார் இரண்டுக்கும் நடுவான ஒரு திசையில் அந்தெனாவை நிறுத்தி, இரண்டும் அரைகுறையாகத் தெரியும்படி செய்துவிட்டே பயணம் புறப்படுவார். மின்சாரம் தடைப்பட்டால் அதுவும் இல்லை. கடிகாரம் நினைவிழந்து சுழியங்களைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். வறட்சியால் மின்வெட்டு நீடித்த 1996ஆம் ஆண்டில் அச்சுழியங்களைக் காணாத வீடு ஏது?

ஆயினும் அவ்வாண்டின் மார்ச் 6ஆம் நாள் எமக்கு நல்ல நாள். அஸ்கிரிய திடலில் கென்யாவுக்கு எதிராக இலங்கை அணி 5 விக்கெட்டுகளுக்கு 398 ஓட்டங்களைக் குவித்தது. அரவிந்த டி சில்வா மட்டும் 145. தந்தையார் திடலில் இருந்தார். டெக் வீட்டில் இருந்தது. பகலில் நேரில் கண்டதை இரவில் மீண்டும் கண்டு, "இந்த அடி எங்களுக்கு முதுகு காட்டி அடித்தது, இப்போதுதான் தெரிகிறது" என்று மகிழ்ந்தார்.

இவ்வாறு பதிவது முறையா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. சோனி நிறுவனம் 1975இல் பீற்றாமக்ஸ் கருவியை வெளியிட்டு, 'கோஜக்' தொடரைப் பார்ப்பதற்காகக் 'கொலம்போ' தொடரை (நமது கொழும்பு அன்று, ஒரு துப்பறிவாளர்) இழக்கவேண்டாம் என விளம்பரம் செய்தது. இரண்டையும் தயாரித்த யுனிவேர்சல் நிறுவனம் சினங்கொண்டு 1976இல் வழக்குத் தொடுத்தது. பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவது குற்றமன்று என 1984 ஜனவரி 17இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளுள் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம்!

பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்ரோக்ஸ் என்னும் அம்மையார், 1970களின் பிற்பகுதி முதல் 2012இல் மறையும்வரை, பல டெக்குகளை வைத்துச் செய்தி அலைவரிசைகளை இரவு பகலாகப் பதிந்தார். கசெற் மாற்றும் வேளை வந்தால் உணவகத்தில் விருந்தைப் பாதியில் விட்டு வீடு திரும்புவாராம். அவர் விட்டுச்சென்றவை ஏறத்தாழ 70,000 கசெற்றுகள். பித்து என்போர் என்க. பிபிசி நிறுவனமோ செலவு கருதித் தன் பழைய நாடாக்களைத் தானே அழித்தது. 1960களில் வந்த 'டொக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகள் இன்றும் கிட்டவில்லை.

நாமும் அழித்தோம். கசெற் விலை அதிகம். சென்ற வாரத்தின்மேல் இந்த வாரத்தைப் பதிந்தோம். காக்க விரும்பும் கசெற்றின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்ரிக் துண்டை ஒடித்துவிட்டால், டெக் அதன்மேல் மீண்டும் பதியாது. எம்மில்லத்தில் எஞ்சிய 11 கசெற்றுகளுள் அவ்வாறு ஒடிக்கப்பட்டவை இரண்டே. ஒன்று அந்த அஸ்கிரிய ஆட்டம். மற்றது நாங்கள் மாத்தளைக்குச் சென்றிருந்த ஒரு தீபாவளியன்று பதிந்த தமிழ் நிகழ்ச்சி. உறையில் மறைந்த தந்தையாரின் கையெழுத்து, ஆண்டு இல்லை. கண்டியின் ஈரக் காற்றில் நாடாவின் விளிம்பெங்கும் வெண்பூஞ்சணம் படர்ந்திருக்கிறது.

டெக் தயாரிப்பதில் கடைசிவரை நின்ற ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையுடன் அதனை நிறுத்திவிட்டது. அன்பர்களே, தங்கள் அலுமாரியிலும் இத்தகையவை கிடக்குமாயின், பூஞ்சணம் பிடித்ததை அவசரப்பட்டு டெக்கில் இட்டுவிடாதீர்கள். நாடாவும் கிழியும், டெக்கும் கெடும். தெரிந்தவரைக் கொண்டு முதலில் உலர்த்தித் துப்புரவு செய்வியுங்கள். அதற்கும் முன்னர் ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பாருங்கள். துண்டு ஒடிந்திருப்பவற்றை முதலில் பிரதி செய்வியுங்கள்.