கற்றாழையும் தீப்புண்ணும்

கற்பிட்டி முதல் புத்தளம் வரையுள்ள வறண்ட கரையோர மணலிலும், நீரைத் தன் மடலுக்குள் சேமித்து வாழ வல்லது சோற்றுக் கற்றாழை. அடுப்பில் கை சுட்டுவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் தேடுவது அதன் சோற்றையே. தடவியதும் எரிவு தணிகின்றது. சில நாட்களில் புண்ணும் ஆறிவிடுகின்றது. ஆயின், ஆற்றியது கற்றாழைதானா?

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. மேலோட்டமான தீப்புண், எதையும் தடவாவிடினும் தானே ஆறும் இயல்புடையது. எனவே ஆறியது என்பது மட்டும் சான்றாகாது. விரைவில் ஆறியதா என்பதே வினா. அதை அறிய ஒரே தன்மையான புண்களுள் சிலவற்றுக்குக் கற்றாழையையும், மற்றவற்றுக்கு வழக்கமான மருந்தையும் இட்டு, நாட்களை எண்ணி ஒப்பிடல் வேண்டும்.

தாய்லாந்து மருத்துவர்கள் 27 நோயாளரிடம் இவ்வாறு சோதித்து, 1995இல் முடிவை வெளியிட்டனர். வாசலீன் தோய்த்த துணியால் கட்டிய புண்கள் ஆற ஏறத்தாழ 18 நாட்கள் சென்றன. கற்றாழைச் சோற்றுக் களிம்பிட்டவை சுமார் 12 நாட்களில் ஆறின. பாட்டிமார் சொல்லில் உண்மை இருந்தது.

எனினும் எல்லாப் புண்ணுக்கும் அது பொருந்துமா? அமெரிக்காவில் 1991இல் வெளியான ஆய்வொன்றில், அறுவைச் சிகிச்சைக்குப்பின் பிரிந்த காயங்கள் வழக்கமான சிகிச்சையால் சராசரி 53 நாட்களில் ஆறின. கற்றாழைக் களிம்பும் சேர்த்து இட்டபோதோ 83 நாட்கள் ஆயின. ஒரு புண்ணுக்கு உதவியது மற்றொன்றுக்குத் தாமதம் விளைத்தது.

தீப்புண்ணிலும் ஆழம் நோக்கல் வேண்டும். தோலின் மேற்பகுதி மட்டும் கருகினால், எஞ்சிய மயிர்க்கால்களிலிருந்து புதுத்தோல் படர்ந்து மூடும். தோல் முழுவதும் கருகிவிட்டால் படர்வதற்கு வித்தே இல்லை. அங்கே எந்த இலைச் சாறும் பயன் தராது. வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுதலே வழி. அத்தகைய புண்ணில் வலி குறைவாயிருக்கும். அதனாலேயே பலர் ஏமாறுவர்.

குப்பி விளக்குக் கவிழ்ந்து ஒரு குழந்தையின் உடல் வெந்துவிட்டால், கற்றாழையைத் தேடிக் கொல்லைக்கு ஓடும் நேரமும் இழப்பே. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் புண்ணைக் காட்டுக, தூய துணியால் மூடுக, வைத்தியசாலைக்கு விரைக. விரல்நுனியில் சுட்ட சிறு புண்ணுக்குக் கற்றாழை நல்ல துணை. உயிரைக் காக்கும் பொறுப்பை அதன்மேல் சுமத்தலாகாது.