டாக்டர் ஓட்டிய வண்டி

புதுக்கோட்டையில் பழைய மோட்டார் வண்டி விற்கிற எந்தத் தரகரிடம் போனாலும், அவர் காட்டும் முதல் வண்டி ஒரு டாக்டர் ஓட்டிய வண்டியாகத்தான் இருக்கும். "ஒரே ஓனர், ஸார். டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய் வந்ததைத் தவிர வேறு ஓட்டமே கிடையாது" என்பார். இந்த ஜில்லாவில் விலைக்கு வந்திருக்கும் டாக்டர் வண்டிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வீதிக்கு வீதி இத்தனை டாக்டர்கள் இருந்தும் நமக்கு ஏன் ஜுரம் வருகிறது என்று யோசிக்கத் தோன்றும்.

ஆனாலும் தரகர் பேச்சில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பழைய வண்டியின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை. அது யார் கையில், எந்த ஊரில், எப்படி இருந்தது என்பதிலேதான் இருக்கிறது. அதை அறிந்துதான் அவர் டாக்டரைத் துணைக்கு அழைக்கிறார். வாங்குகிறவரும் அதை அறிந்துகொண்டு, பேச்சை விட்டு அத்தாட்சியைத் தேடவேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதான வண்டியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களே. பெண்ணின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கொண்டு, வயதான தாய் தகப்பனாரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நிற்க வைத்து அழைத்துப் போகாமல் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் வாங்குகிறார்கள். ஆசை நியாயமானதே. ஆனால் புது வண்டி வாங்குகிறவருக்குக் கம்பெனியின் உத்தரவாதம் துணை. பழைய வண்டி வாங்குகிறவருக்குத் தம்முடைய கண்ணும் காதும் மூக்கும்தான் துணை.

முதலில் பார்க்கவேண்டியது வண்டியை அன்று, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றை. அதில் உள்ள பெயரும் விற்கிறவர் பெயரும் ஒன்றா? அவர் எத்தனையாவது உரிமையாளர்? பாங்கின் பெயரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரோ அதில் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால், கடன் தீர்ந்தது என்ற கடிதமும் 35ஆம் நம்பர் பாரமும் வேண்டும். "கடன் எப்போதோ முடிந்துவிட்டது, ஸார்" என்பது அத்தாட்சி ஆகாது. சான்றில் உள்ள சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியின் இரும்பில் பொறித்திருப்பதோடு ஓரெழுத்து விடாமல் ஒப்பிடவேண்டும். பொறித்த இடம் அராவப்பட்டிருந்தாலும், புதிதாய் வர்ணம் பூசப்பட்டிருந்தாலும், விலை எவ்வளவு மலிவானாலும் வந்த வழியே திரும்பிவிடுவது நலம்.

இதில் நம் ஜில்லாவுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கங்களில் பல வீடுகளிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உழைக்கப் போயிருக்கிறார்கள். லீவில் வந்த சமயம் வண்டி வாங்கி, ஒரு மாதம் ஆசை தீர ஓட்டி, கொட்டகையில் நிறுத்திவிட்டு விமானமேறுகிறார்கள். சில வருஷம் கழித்து அந்த வண்டியை விற்க வருகிறவர் மைத்துனராகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். "மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்; நாம் தேதி போட்டுக்கொள்ளவேண்டியதுதான்" என்று 29, 30ஆம் நம்பர் பாரங்களை நீட்டுவார். அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் அதே பாரங்கள் மைத்துனரிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து இன்னொருவருக்கும் போய், பெயர் மட்டும் மாறாமலே மூன்று கை தாண்டிவிடுவதுண்டு. பதிவுபெற்ற உரிமையாளர் காலமாகியிருந்தாலோ அந்தக் கையெழுத்துக்கு மதிப்பே கிடையாது. வாரிசுகள் 31ஆம் நம்பர் பாரம் கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே விற்க முடியும்.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவு இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. அதே ராஜ்யத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். இதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு, 2018 பிப்ரவரி 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு ஒன்று உண்டு. வடநாட்டில் ஒருவர் 2007இல் தம் காரை விற்றார். அது பெயர் மாறாமலே கை மாறிக்கொண்டு போயிற்று. 2009இல் ஒரு விபத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. விற்று இரண்டு வருஷமான அந்த முதல் மனிதரே, சான்றில் பெயர் இருந்த காரணத்தால், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று கோர்ட்டு முடிவு செய்தது. "அது விற்றவர் பாடுதானே" என்று வாங்குகிறவர் ஆறுதல் கொள்ளவேண்டாம். அவர் பெயருக்கு இன்ஷூரன்ஸ் மாறாதவரையில், மூன்றாம் மனிதருக்கு நேர்ந்த சேதத்துக்குப் பாலிஸி பொறுப்பேற்றாலும், அவருடைய வண்டி புளியமரத்தில் மோதி நசுங்கினால் காலணா கேட்க வழியில்லை.

வண்டியின் வயதையும் சான்றே சொல்லும். சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அப்புறம் பரீட்சை செய்து, கட்டணமும் பசுமை வரியும் வாங்கிக்கொண்டு, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிப்பார்கள். பதினாலரை வயது வண்டி ஏன் இவ்வளவு மலிவு என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தில்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடலாகாது என்ற உத்தரவை 2018இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அங்கிருந்து வரும் மலிவு வண்டிக்கு அவ்வூர் அதிகாரியின் ஆட்சேபணை இல்லாச் சான்றும் இங்கே கட்டவேண்டிய வரியும் சேர்ந்தால், மலிவு எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கும்.

இனி வண்டியிடம் வரலாம். நல்ல வெயிலில் பார்க்கவேண்டும். சாயங்காலத்திலும், கழுவிய ஈரத்திலும் எல்லா வண்டியும் அழகுதான். கதவு, பானெட், டிக்கி இவற்றின் இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்தினால், பட்டி பூசி மறைத்த இடத்தில் அது பிடிக்காது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நம் ஜில்லாவைச் சூறையாடியபோது எத்தனையோ மரங்கள் விழுந்தன. அவற்றில் சில வண்டிகளின் மேலும் விழுந்தன. டிங்கரிங் செய்ததனாலேயே ஒரு வண்டி கெட்டதாகிவிடாது. ஒளிப்பதுதான் கெடுதல்.

அடிபட்ட வண்டியைவிட மோசமானது முழுகிய வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. அத்தகைய வண்டி வெளியூருக்குத்தான் விலைபோகும். ஸீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் வண்டல் கோடு தெரியும். கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்தால் நெடி காட்டிக்கொடுக்கும். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டியானால், உப்புக் காற்று தரைத் தகட்டை அரித்திருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்ப்பது அவசியம்.

எஞ்சினைக் காலையில், அது குளிர்ந்திருக்கும்போது, நாமே ஸ்டார்ட் செய்யவேண்டும். போனவுடன் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால் நமக்கு முன்பே யாரோ அதை எழுப்பிச் சமாதானம் செய்துவைத்திருக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்னும் ஓயாத வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் விட்ட காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தாலும் கேஸ்கட்டைப் பற்றிச் சந்தேகிக்கலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணையவேண்டும். எரியவே இல்லையானால், கோளாற்றை மறைக்க விளக்கையே யாரோ அவித்திருக்கக்கூடும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் தயவுசெய்து வேதவாக்காகக் கொள்ளவேண்டாம். அதைத் திருத்துவது சில நிமிஷ வேலை. பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கண்ட விஷயம் ஒன்று சொல்கிறேன்: மார்க்குப் பட்டியலில் கை வைக்கிற பையன் விடைத்தாளை மறந்துவிடுவான். மீட்டர் மார்க்குப் பட்டியல். தேய்ந்த பிரேக் பெடலும், வழவழத்த ஸ்டியரிங்கும், நைந்த ஆசன விளிம்பும் விடைத்தாள். முப்பதாயிரம் ஓடிய வண்டிக்கு அறுபது வயதுப் பெடல் எப்படி வந்தது என்று கேளுங்கள். கம்பெனி ஸர்வீஸ் பில்கள் இருந்தால் அவற்றிலுள்ள அளவுகளை வரிசையாகப் பாருங்கள்.

நிஜமாகவே ஓடாமல் கொட்டகையில் நின்ற வண்டியும் குறையற்றதன்று. ரப்பர் இறுகிப்போகும், ஒயரை எலி கடித்திருக்கும், டயரில் தேய்மானமே இராது, ஆனால் வெடிப்பு இருக்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் வருஷத்தின் 23வது வாரத்தில் செய்தது. அப்படிப்பட்ட டயர்களோடு கோடை வெயிலில் திருச்சி ரஸ்தாவில் குடும்பத்தை ஏற்றிப் போவது தகாது. நாலு டயரின் விலையைப் பேரத்தில் கழித்துவிடவேண்டும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பெட்ரோல் குழாய்கள் கசிகின்றனவா என்பதையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கையில் நல்ல தார் ரஸ்தாவோடு நின்றுவிடாமல், அன்னவாசல் பக்கத்துக் கிராமப் பாதை ஒன்றிலும் இறக்குங்கள். ஷாக் அப்ஸார்பரின் முனகல் அங்கேதான் கேட்கும். உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகர மறுத்தால், கிளட்சின் காலம் முடிந்தது. ஆளில்லாத இடத்தில் பிரேக் போட்டு, ஒருபுறம் இழுக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இன்னொன்று: வண்டி செய்த கம்பெனி இன்னும் கடை நடத்துகிறதா? அம்பாஸடர் 2014இலேயே நின்றுவிட்டது. செவர்லே 2017 முடிவில் இந்நாட்டு வியாபாரத்தை விட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் செய்வதை நிறுத்தியது. இவை கெட்ட வண்டிகள் அல்ல. ஆனால் ஒரு சாமானுக்காக எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்று உள்ளூர் மெக்கானிக்கிடம் கேட்ட பிறகே விலை பேசவேண்டும். அந்த மெக்கானிக் தரகர் சிபாரிசு செய்தவராக இல்லாதிருப்பது உத்தமம். அவர் கேட்கும் கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.

எல்லாம் திருப்தியானால், முழுப் பணத்தையும் ஒரே நாளில் நீட்டிவிடவேண்டாம். விலையை பாங்கு மூலமாகவே கொடுத்து, ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளலாம். வண்டி கை மாறிய தேதியையும் மணியையும் எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும். அந்த மணிக்கு முன் விழுந்த அபராதமெல்லாம் அவருடையது, பின்னால் விழுவது நம்முடையது. சான்றில் பெயருள்ளவர் சிங்கப்பூரில் இருந்தால், அடுத்த லீவுக்கு அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். அதுவரை அறந்தாங்கிக்குப் பஸ் இருக்கிறது.